பிறவி இதயக் குறைபாட்டுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மகன் படித்ததை மறந்துவிடுகிறான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். ஒற்றைக் கீழறை இதயத்தோடு பிறந்து, மூன்று அறுவை சிகிச்சைகளைக் கடந்து, இன்று வேலைக்குப் போகிறவள் நான். உங்கள் பையனைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சிக்கலான குறைபாடுகளில், கருவிலேயே மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறைந்துவிடலாம். மாதம் நிறைந்து பிறந்தாலும் மூளை வளர்ச்சி சில வாரங்கள் பின்தங்கியிருக்கலாம். பிறகு உடல் நீலம் பாய்ந்த மாதங்கள், இதய நுரையீரல் இயந்திரத்தின் தயவில் கழிந்த நேரம், தீவிர சிகிச்சைப் பிரிவு என்று ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் ஆக்சிஜன் குறைவைத் தாங்காத பகுதி. என்னைப்போல், ஒற்றைக் கீழறை இதயத்துக்குச் செய்யும் ஃபான்டான் அறுவை சிகிச்சை செய்துகொண்ட வளரிளம் பருவத்தினரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகள் அங்கே சேதத்தைக் கண்டிருக்கின்றன. தானாக மூடிக்கொண்ட சின்ன ஓட்டை என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். மறதி திடீரென்று வந்து பேச்சும் குழறினால் அது வேறு கதை. உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

எனக்குப் பழைய சண்டைகள் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கும் (அம்மாவுக்கு அதில்தான் எரிச்சல்). ஆனால், "கதவைச் சாத்திவிட்டு, என் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, அப்பாவையும் கூப்பிட்டு வா" என்றால் கதவை மட்டும் சாத்துவேன்.

மதிப்பெண்ணை விடுங்கள், மாத்திரைதான் பெரிய கவலை. நான் சாப்பிடுவது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின். அடிக்கடி மறந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும். போட்டதை மறந்து மறுபடியும் போட்டால் ரத்தக்கசிவு வரலாம். "போட்டாயா?" "போட்டேன் என்றுதான் நினைக்கிறேன்." இந்தப் பேச்சு, கிழமைவாரியாக அறை பிரித்த டப்பா வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஓய்ந்தது. செவ்வாய் அறை காலியென்றால் போட்டாயிற்று, அவ்வளவுதான். பையன் வளர்ந்துவிட்டான் என்று மாத்திரைப் பொறுப்பை ஒரே நாளில் அவன் தலையில் கட்டிவிடாதீர்கள்.

நினைவாற்றலையும் கவனத்தையும் தனித்தனியே அளக்கும் நரம்பு உளவியல் பரிசோதனை இருக்கிறது. இத்தகைய குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012-லேயே பரிந்துரைத்தது. பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால், தேர்வில் கூடுதல் நேரம் கேட்கவும் வழி பிறக்கும். அடுத்த எக்கோவுக்கு (இதய ஸ்கேனுக்கு) போகும்போது நீங்களே பேச்சை எடுங்கள். எங்களிடம் யாரும் தாமாக இதைச் சொல்லவில்லை.