பொடிந்துபோன கல் சுண்ணாம்பு போர்டோ கலவைக்கு ஆகுமா?

கேள்வி: கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறேன். வாடல் நோய்க்குப் போர்டோ கலவை (மயில்துத்தம் எனும் காப்பர் சல்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) தெளிக்க வாங்கிய கல் சுண்ணாம்பு, அதாவது சூளையில் சுட்ட சுண்ணாம்புக்கல், மழைக்காலத்தில் சாக்கிலேயே பொடிந்துவிட்டது. பயன்படுத்தலாமா?

பதில்: எப்படிப் பொடிந்தது என்பதைப் பொறுத்தது. காற்றின் ஈரத்தை மட்டும் குடித்திருந்தால் அது நீற்றிய, அதாவது தண்ணீர் சேர்ந்த சுண்ணாம்பு; கலவைக்கு ஆகும். கரியமில வாயுவையும் இழுத்திருந்தால் மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறியிருக்கும். சூளையில் சுட்ட செலவு வீண். ஒரு சிட்டிகைப் பொடியில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். பொங்கி நுரைத்தால் கலவைக்கு உதவாது. நுரை பெரிதாக இல்லையென்றால் 1 கிலோ கல் சுண்ணாம்புக்குப் பதிலாக 1.3 கிலோ பொடி எடுங்கள். நீறும்போது தண்ணீர் சேர்ந்து எடை கூடிவிடுகிறது.

என்னைக் கேட்டால், புதுக் கல்லே வாங்குங்கள். தண்ணீர் தெளித்ததும் சீறிக் கொதித்து, ஆவி விட்டு, மாவாக உதிர வேண்டும். நீறாமல் அடியில் தங்குபவை சூளையில் சரியாக வேகாத கற்கள். உருக்காலையில் கசடு பிரிக்கவும், சர்க்கரை ஆலையில் கரும்புச்சாறு தெளியவைக்கவும் போவது இதே சரக்குதான்; அவர்கள் சோதித்து வாங்குகிறார்கள், நாம் மட்டும் ஏன் கொடுத்ததை வாங்க வேண்டும்?

1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 1 கிலோ சுண்ணாம்பை நீற்றி, இன்னொரு 50 லிட்டரில் கரைத்து, ஆறவைத்து வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கியபடி ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் போதும், இரும்பு வேண்டாம். தீட்டிய கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்குங்கள். செம்பு நிறம் படிந்தால் இலை கருகும். படியாத வரை சுண்ணாம்புப் பால் சேருங்கள். அன்றே தெளித்து முடித்துவிடுங்கள்.

கல்லை இனி ஈரம் படாத, மூடியுள்ள பீப்பாயில் வையுங்கள். மழை ஒழுகி நனைந்தால் அந்தச் சூட்டில் சாக்கே பற்றிக்கொள்ளும். நீற்றும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்; கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நுரைத்த பொடியைக் கொட்டிவிடாதீர்கள். மண் பரிசோதனையில் அமிலத்தன்மை தெரிந்தால், பரிந்துரைத்த அளவில் நிலத்தில் தூவலாம். யூரியாவோடு மட்டும் சேர்த்துப் போடாதீர்கள். தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.