கடவுள் நம்மோடு கூட இருக்கிறாரா? கேள்விகளும் என் பதில்களும்

போன ஞாயிறு ஜெபக்கூட்டம் முடிந்ததும், "ஆண்டவர் கூடவே இருக்கிறார் என்கிறோம், அன்றாடப் பாடுகளில் அது எப்படித் தெரியும்? மனசில் இருப்பதை எழுதி அனுப்புங்கள்" என்று சொன்னேன். வந்தவற்றுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவள் நான். பைபிளையும் அப்படித்தான் படிப்பேன். யார் சொன்னது, யாரிடம், எந்த நிலைமையில் என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகமாட்டேன். பிறந்தது எலத்தகிரிப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். வாழ்க்கைப்பட்டது கிருஷ்ணகிரியில், 1895-லிருந்து இங்கே வேலை செய்துவரும் லுத்தரன் சபைக் குடும்பத்தில். அதனால் ஆண்டவர், கர்த்தர் இரண்டும் என் வாயில் வரும். வசனங்கள் பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் உள்ளபடி.

ஓசூரிலிருந்து, கம்பெனி வேலைக்குப் போகும் மகள்: டீச்சர், ஊரில் இருந்தவரை ஜெபம் தானாக வந்தது. இங்கே ஹாஸ்டல், நைட் ஷிப்ட். ஆண்டவர் ஊரிலேயே நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது.

யாக்கோபுக்கும் இதே நிலைமைதான், கண்ணு. அண்ணனுக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடுகிறான். இருட்டிவிட்டது, ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுக்கிறான். கோயில் இல்லை, அம்மா இல்லை. படுக்கும்போது அவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. விழித்த பிறகுதான் சொல்கிறான்: "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்." அவர் இருந்ததும் உண்மை, அவன் அறியாதிருந்ததும் உண்மை. உனக்கு இப்போது தோன்றாததை வைத்து அவர் இல்லை என்று முடிவு கட்டாதே.

இன்னொன்று. "உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற எரேமியா 29:11 காலண்டர் கார்டு உன் அறையிலும் இருக்கும். அது, ஊரைவிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி. அதற்கு முந்தைய வரி எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதற்கும் மேலே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று இருக்கிறது. என் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் சொல்வது இது ஒன்றுதான்: வசனத்தை வெட்டி எடுக்காதீர்கள். முழுக் கடிதத்தையும் படித்தால் இருக்கிற ஊரில் நீ செய்யவேண்டிய வேலை என்ன என்று தெரியும். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஓசூருக்காகவும் பக்கத்துக் கட்டிலில் தூங்கும் பெண்ணுக்காகவும் பெயர் சொல்லி ஜெபம் பண்ணு. ஒரு மாதம் கழித்து எனக்கு எழுது.

பாலக்கோட்டிலிருந்து ஒரு விவசாயி: தக்காளி விலை விழுந்துவிட்டது. பறிக்கிற கூலிகூடத் தேறாது என்று செடியோடு உழுதுவிட்டேன். நன்றி சொல்லி ஜெபிக்கச் சொல்கிறார்கள். வாய் வரவில்லை.

வரவேண்டாம், அண்ணா. உழுத செடிக்கு யாரும் உங்களிடம் நன்றி கேட்கவில்லை. ஆபகூக் தீர்க்கதரிசி 3-ஆம் அதிகாரத்தின் கடைசியில் நஷ்டக் கணக்கை ஒவ்வொன்றாக எழுதுகிறார். அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சையில் பழம் இல்லை, ஒலிவமரம் பலன் கொடுக்கவில்லை, வயலில் தானியம் இல்லை, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. நம் ஊருக்கு மாற்றி எழுதினால் மா பூக்கவில்லை, தக்காளி போச்சு, சாமந்தியைக் கேட்க ஆளில்லை, ஆட்டை விற்றாச்சு. அதற்குப் பிறகுதான், ஆனாலும் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறார். அடுத்த போகம் நன்றாக விளையும் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. நஷ்டத்தை மறைக்கவும் இல்லை. அதைப் பட்டியல் போட்டு ஆண்டவர் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நிற்கிறார். இன்று ராத்திரி உரக்கடைப் பாக்கி, வட்டி, கூலி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதைச் சத்தமாக வாசியுங்கள். அதுவே உங்கள் ஜெபம். "ஆனாலும்" என்ற சொல் வருகிற அன்றைக்கு வரட்டும்.

அரூரிலிருந்து ஒரு சகோதரி: ராத்திரி காரணமில்லாமல் பயம். எந்த வசனம் சொல்லலாம்?

நாலாம் சங்கீதம். எட்டே வசனம், முழுவதும் படியுங்கள். கடைசி வசனம் "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்று தொடங்கும். நெஞ்சு படபடப்பு இருந்தால் டாக்டரையும் பாருங்கள். இரண்டும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பென்னாகரத்திலிருந்து ஒரு மருமகள்: விடியற்காலை தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி ராத்திரி பாத்திரம் கழுவும்வரை வேலை. ஜெபிக்க அரைமணி நேரம் கிடையாது. என்னை ஆண்டவர் கவனிப்பாரா, அக்கா?

ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தைத் திறம்மா. ஆகார், வீட்டு வேலைக்காரி. கர்ப்பிணி. கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிவிட்டாள். அந்த அதிகாரத்தில் சாராயும் ஆபிராமும் பேசுவதைக் கவனித்துப் பார். ஒருத்தர்கூட அவள் பெயரைச் சொல்வதில்லை, "அடிமைப்பெண்" என்றுதான் பேசுகிறார்கள். தண்ணீர் ஊற்றண்டையில் வந்த தூதன்தான் முதன்முதலில் "ஆகாரே" என்று கூப்பிடுகிறான். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறான். அவள் ஆண்டவருக்கு ஒரு பெயரே வைத்துவிடுகிறாள்: "நீர் என்னைக் காண்கிற தேவன்." பைபிளில் கடவுளுக்குப் பெயர் வைத்த முதல் ஆள் அந்த வேலைக்காரிதான். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அவள் ஜெபம்பண்ண அங்கே போகவில்லை. ஓடிவந்த வழியில் தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான். அவளைத் தேடி அவர் வந்தார். நீ குழாயடியில் நிற்கும்போது, குடம் நிறைகிற நேரம் முழுக்க, அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிரு. பாரிஸில் 17-ஆம் நூற்றாண்டில் லாரன்ஸ் என்று ஒரு துறவி மடத்துச் சமையற்கட்டில் பாத்திரங்களின் நடுவில்தான் ஆண்டவரோடு பேசக் கற்றுக்கொண்டார். அரைமணி நேரம் கிடைக்கவில்லையே என்று மருகாதே.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தாத்தா: என் பழைய ஜெபப்புத்தகத்தில் 91-ஆம் சங்கீதம் 90 என்று இருக்கிறதே?

இரண்டும் ஒன்றுதான், ஐயா. பழைய லத்தீன் வரிசையில் 9-ம் 10-ம் ஒரே சங்கீதம். அதனால் அதற்கப்புறம் பெரும்பாலும் ஒரு எண் குறையும்.

லாரி ஓட்டும் ஒரு தம்பி: என் வண்டிக் கண்ணாடியில் 91-ஆம் சங்கீதம் ஒட்டியிருக்கிறேன். போன மாதம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னால் போன வண்டியில் மோதிவிட்டது. நான் பிழைத்தேன். என் கூட இருந்த கிளீனர் பையன் போய்விட்டான். அவனும் அந்தச் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்வான். உன் பக்கத்தில் ஆயிரம்பேர் விழுந்தாலும் "அது உன்னை அணுகாது" என்று இருக்கிறதே, அவனை ஏன் அணுகியது?

தம்பி, உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒருநாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். ஏன் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களை நம்பாதே. அந்தச் சங்கீதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை ஒட்டியதில் தப்பில்லை, அது ஜெபம். ஆனால் அது விபத்து நடக்காது என்று எழுதிக்கொடுத்த பத்திரம் இல்லை. மத்தேயு 4-ல் இதே சங்கீதத்திலிருந்து இரண்டு வரியை வெட்டி எடுத்து, "கீழே குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள்" என்று சொன்னது யார்? சாத்தான். இயேசு குதிக்கவில்லை. அதே இயேசு பிறகு சிலுவையில் அறையப்பட்டார். அப்போது யாரும் ஏந்திக்கொள்ளவில்லை. அதனால் அவரைப் பிதா நேசிக்கவில்லை என்று ஆகிவிடுமா?

போச்சம்பள்ளியிலிருந்து ஒரு சகோதரர்: டீச்சர் வசனத்தின் வல்லமையைக் குறைக்கிறீர்கள். விசுவாசித்தால் காப்பாற்றப்படுவோம். அந்தப் பையனுக்கு விசுவாசம் குறைந்திருக்கும்.

இதை அந்தப் பையனின் அம்மா முன்னால் போய்ச் சொல்வீர்களா? அப்போஸ்தலர் 12-ஐ எடுங்கள். ஏரோது ராஜா, இயேசுவின் சீஷனான யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்கிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவா? எபிரெயர் 11-ல், விசுவாசத்தினாலே வாழ்ந்தவர்களைச் சொல்லும் அந்த ஒரே அதிகாரத்தில், 34-ஆம் வசனத்தில் சிலர் பட்டயத்துக்குத் தப்பினார்கள், 37-ல் சிலர் பட்டயத்தினால் வெட்டப்பட்டார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். லூக்கா 13. செத்தவன்மேல் பழிபோட்டுத்தான் உங்கள் விசுவாசம் நிற்கவேண்டும் என்றால் அந்த விசுவாசம் எனக்கு வேண்டாம்.

அதே சகோதரர்: 91:15-ல் "அவனைத் தப்புவித்து" என்று தெளிவாக இருக்கிறது. அதை நீங்கள்தான் வெட்டுகிறீர்கள்.

நல்ல கேள்வி, இதற்கு நிதானமாகவே பதில் சொல்லவேண்டும். அந்தச் சொல் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆண்டவர் தப்புவிக்கிறார். என் வீட்டுக்காரரையே இரண்டு முறை தப்புவித்தார், மூன்றாம் முறை எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த வரியை முதலிலிருந்து படியுங்கள்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து, அவனைத் தப்புவித்து." முதலில் வருவது ஆபத்து, அடுத்தது கூட இருப்பது, அதற்கப்புறம்தான் தப்புவிப்பது. ஆபத்தே வராதவனோடு ஆபத்தில் எப்படிக் கூட இருக்கமுடியும்? அந்தக் கணவாயில் நொறுங்கிய கேபினுக்குள் அந்தப் பிள்ளை தனியாக இல்லை. நான் பிடித்திருப்பது இதைத்தான். தப்புவிப்பது எப்போது, எந்தக் கரையில் என்பதை அவர் கையில் விட்டுவிட்டேன்.

இதைத் தொட்டு இன்னும் ஒன்பதுபேர் எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கொரு பக்கம் எடுத்து அந்தத் தம்பியின் துக்கத்தைப் பட்டிமன்றம் ஆக்கவேண்டாம். இதோடு நிறுத்துகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து: பயம் போக எந்த வசனம்?

அரூர் சகோதரிக்கு எழுதியதைப் படியுங்கள்.

தர்மபுரியிலிருந்து: கடன் தீர எந்த வசனத்தை எத்தனை நாள் சொல்லவேண்டும்?

எண்ணிக்கை எதுவும் கிடையாது. வட்டிக்குக் கடன் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள், தக்காளி அண்ணனுக்குச் சொன்னபடி கணக்கை எழுதுங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: பரீட்சைக்கு எந்த வசனம்?

பாடத்தைப் படி. பிலிப்பியர் 4-ஆம் அதிகாரத்தையும் படி. முழு அதிகாரத்தை. பவுல் அதைக் காவலில் இருந்தபோது எழுதினார்.

ராயக்கோட்டையிலிருந்து ஒரு மகன்: அம்மாவுக்கு மனச்சோர்வு. உபவாச ஜெபத்துக்குப் போனதிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை அவிசுவாசம் என்று யாரோ சொன்னார்களாம்.

இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, தம்பி. மாத்திரையை நிறுத்துவது எந்தப் போதகர் சொல்லியும் செய்யக்கூடாத காரியம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, சாகிறேன் என்கிறான். தூதன் வந்து கண்டிக்கவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை, உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். அவன் சாப்பிட்டுத் திரும்பவும் தூங்குகிறான். மறுபடி வந்து எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். ஆண்டவருடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால். அம்மாவுக்குக் களியும் கீரையும் நேரத்துக்குக் கொடு, மாத்திரையைக் கையில் கொடு, தூங்கவிடு. ஆண்டவர் எலியாவிடம் அப்படித்தான் தொடங்கினார்.

பெயர் வேண்டாம் என்று ஒரு அம்மா: கணவர் போய் ஐந்து மாதம். ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஏழு மாதம் அப்படி இருந்தது, அம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்த அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் 23-ஆம் சங்கீதம் சொன்னார்கள். ஒரு சொல்லும் எனக்குள் இறங்கவில்லை. 88-ஐத்தான் படித்தேன். அது இருட்டிலேயே முடிகிற சங்கீதம், கடைசியில்கூட ஆறுதல் கிடையாது. இப்படியும் ஜெபம்பண்ண இடம் கொடுத்திருக்கிறாரே என்பதுதான் எனக்கு அப்போது கிடைத்த ஒரே ஆறுதல்.

பிறகு ஒருநாள் 23-க்குத் திரும்பியபோது, இத்தனை வருஷம் இலக்கணம் நடத்தியும் கண்ணில் படாத ஒன்று பட்டது. முதல் மூன்று வசனமும் படர்க்கை. "அவர் என்னை மேய்த்து, அவர் என் ஆத்துமாவைத் தேற்றி." மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் முன்னிலை ஆகிவிடுகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." புல்வெளியில் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் இருட்டில் அவரிடமே பேச ஆரம்பிக்கிறான். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். "நீர்" என்ற ஒரு சொல் வந்தால் போதும். வராவிட்டாலும் எழுந்து போகாதீர்கள்.

லாரித் தம்பி மறுபடியும்: அவன் அம்மாவை இன்னும் நான் பார்க்கப் போகவில்லை, டீச்சர். என்ன வசனம் சொல்வது?

ஒன்றும் சொல்லாதே. பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவோடு அவன் சிநேகிதர்கள் ஏழு நாள், ராப்பகல், ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். நீயும் போய் உட்கார். அந்த அம்மா திட்டினால் வாங்கிக்கொள். அழுதால் நீயும் அழு. வீட்டில் குடம் காலியாக இருந்தால் நிரப்பிக் கொடுத்துவிட்டு வா.

தனியாகப் போகவேண்டாம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நானும் வருகிறேன்.