நேற்று வரை இந்த ஏடு எங்கே இருந்தது?

கேள்வி: பாரிஸ் புறநகரான லா கூர்நெவில் வசிக்கிறேன். நாடகம் என்றால் எனக்கு உயிர். போன ஞாயிறு பழைய சாமான் சந்தையில் ஒரு கையெழுத்து நோட்டைப் பார்த்தேன். மூன்று அங்க நகைச்சுவை நாடகம். 1832இல் எழுதியது என்கிறார் விற்பவர். பல வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன, சில பக்கங்களில் துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது, முதல் பக்கத்தில் வட்ட முத்திரை ஒன்றும் உண்டு. "பழைய அலுவலகம் ஒன்றைக் காலி செய்தபோது கிடைத்தது" என்றார். 600 யூரோ கேட்கிறார். ஆசிரியரே எழுதியதாக இருக்குமா? வாங்கலாமா?

பதில்: அடித்தல், ஒட்டுச் சீட்டு என்று படித்ததும் எனக்கே அதைப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் ஆசிரியர் கையாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் காலத்தில் நாடகம் மேடைக்குப் போகும் முன் கூலிக்கு எழுதுபவர்கள் படி எடுப்பார்கள். ஒத்திகையில் இழுவையாகத் தெரிந்த வசனத்தை அடிப்பார்கள், புது வசனத்தைச் சீட்டில் எழுதி மேலே ஒட்டுவார்கள். நம் மேடையில் திரைக்குப் பின்னால் நின்று, நடிகர் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்கும் (பிராம்ப்ட்) வேலையை அங்கே மேடையின் முன்விளிம்பில் ஒரு குழிக்குள் உட்கார்ந்து ஒருவர் செய்தார். உங்கள் நோட்டு அப்படிப்பட்டவர் கையில் இருந்ததாகவும் இருக்கலாம். எனக்கு அச்சுப் புத்தகத்தைவிட இந்த வகை நோட்டுதான் பிடிக்கும். நாடகம் எப்படி மாறிக்கொண்டே போனது என்பது அதில்தான் தெரியும்.

"இது ஆசிரியர் கை" என்று சொல்லிக் கூடுதல் காசு கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். 17ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியேர் எழுதிய நாடகங்களில் ஒரு பக்கம்கூட அவர் கையெழுத்தில் இன்று இல்லை. சில கையொப்பங்கள்தான் மிச்சம். 1860களில் வ்ரேன்-லூக்கா என்பவர் மிஷேல் ஷால் என்ற பெரிய கணித அறிஞருக்குப் பல்லாயிரக்கணக்கில் போலிக் கடிதங்களை விற்றார். கிளியோபாட்ராவும் மகதலேனா மரியாளும் பிரெஞ்சில் எழுதியதாகக்கூட அதில் கடிதங்கள் இருந்தன! 1870இல் வ்ரேன்-லூக்காவுக்கு இரண்டு ஆண்டு சிறை. பழைய புத்தகங்களின் வெற்றுத்தாள்களைக் கிழித்து அவர் பயன்படுத்தினார். அதனால் காகிதம் பழையது என்பது மட்டும் சாட்சி ஆகாது. தாள் பழுப்பேறி, ஓரம் நொறுங்குகிறது என்றால் மரக்கூழ் காகிதமா என்று சந்தேகப்படுங்கள். அது பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதற்கு முன் கந்தைத் துணியில் செய்த காகிதம் இன்றும் ஒடியாமல் துவளும்.

இப்போது அந்த முத்திரை. எனக்கு உறுத்துவது அதுதான். பிரான்சில் 1906 வரை நாடகத் தணிக்கை இருந்தது. மேடையேற்றும் முன் கையெழுத்துப் படியை அரசிடம் கொடுக்க வேண்டும். அந்தப் படிகள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் 1830 ஜூலைப் புரட்சியோடு தணிக்கை போய், 1835 செப்டம்பரில்தான் திரும்ப வந்தது. முத்திரை தணிக்கை அலுவலகத்துடையது என்றால் 1832 என்ற தேதி பொருந்தாது. அதைவிட முக்கியம், அது அரசு ஆவணமாக இருந்தால் எத்தனை வருடம் ஆனாலும் அரசின் உரிமை போகாது. நீங்கள் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் திருப்பிக் கேட்கலாம். அரங்க நூலகத்தின் முத்திரையாக இருந்தாலும் எப்படி வெளியே வந்தது என்று கேட்க வேண்டும்.

அதனால் இப்போது பணம் கொடுக்காதீர்கள். முத்திரையைப் படமெடுத்துக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். விற்பவர் தொழில்முறை வியாபாரி என்றால், 1981 மார்ச் 3 அரசாணைப்படி நீங்கள் கேட்டால் பொருளின் தன்மை, காலம் எல்லாம் குறித்து பில் கொடுத்தாக வேண்டும். அதில் ஆசிரியர் பெயருக்கு முன்னால் "எழுதியவர்" என்று இருக்கிறதா, "எழுதியதாகக் கருதப்படுகிறது" என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது உத்தரவாதம், இரண்டாவது ஊகம். பில் தர மறுத்தால் பேரம் பேசவே வேண்டாம்.

கேள்வி: ஏலத்துக்கு வரும் 17ஆம் நூற்றாண்டு மோலியேர் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் "பாரிஸில் அச்சான பிரதியின்படி" என்று பிரெஞ்சில் இருக்கிறது. போலியா?

பதில்: போலி இல்லை. ஹாலந்தில் அனுமதி கேட்காமல் மறுபடி அச்சடித்தவர்கள் இப்படித்தான் போட்டார்கள். பாரிஸ் முதற்பதிப்பின் விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஆனாலும் ஹாலந்துப் பதிப்பு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். மோலியேரின் 'டான் ஜுவான்' நாடகம் 1665இல் மேடையேறியது, அச்சுக்கு வந்தது மோலியேர் இறந்த பிறகு 1682இல். அதில் ஒரு காட்சி: டான் ஜுவான் ஓர் ஏழையிடம் தங்கக் காசைக் காட்டி, கடவுளைப் பழித்துச் சொன்னால் தருகிறேன் என்கிறான், ஏழை பட்டினி கிடந்தாலும் மாட்டேன் என்கிறான். பாரிஸில் அதிகாரிகள் அந்தக் காட்சியில் கைவைத்தார்கள். அது முழுதாக நமக்குக் கிடைப்பது 1683 ஆம்ஸ்டர்டாம் பதிப்பினால். வாசகனாக நான் அந்தப் பதிப்பைத்தான் கையில் எடுப்பேன்.

அப்புறம், ஏலத்தில் சுத்தியல் தட்டி முடித்த விலையோடு செலவு முடியாது. ஏலக் கம்பனியின் கமிஷன் பெரும்பாலும் 25 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு உச்ச விலையை முன்கூட்டியே எழுதி வையுங்கள். நீங்கள் வென்ற பிறகும் அரசு அதே விலைக்கு எடுத்துக்கொள்ளலாம், உறுதி செய்ய அதற்கு 15 நாள் உண்டு.

கேள்வி: பழைய நாடகக் கையெழுத்துப் பிரதியை யாழ்ப்பாணத்தில் இருக்கும் அண்ணனுக்குப் பார்சலில் அனுப்பலாமா?

பதில்: 50 வருடத்துக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே போக, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஏற்றுமதி உரிமம் வேண்டும். அச்சுப் புத்தகம் என்றால் 100 வருடம் தாண்டி, மதிப்பும் 50,000 யூரோவுக்கு மேல் போனால்தான் அந்தச் சிக்கல். பிரான்சில் பண்பாட்டு அமைச்சகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; விற்ற கடைக்காரரையே செய்து தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.