வாசகர் கேள்விகள்: கடல் தாண்டும் கூரியருக்குத் தெரு தாண்டுவது ஏன் கடினம்?

கேள்வி: ‘220க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் சேவை’ என்று கூரியர் நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. அத்தனை இடங்களிலும் அவற்றுக்குச் சொந்த அலுவலகமும் விமானமும் இருக்குமா?

பதில்: இருக்காது. வணிகம் அதிகமுள்ள நாடுகளில் சொந்த அலுவலகம், குறைவாக உள்ள நாடுகளில் உள்ளூர் முகவர், சொந்த விமானம் போகாத தடங்களில் பயணிகள் விமானத்தின் சரக்கு அறை என்று மூன்றையும் கோத்துத்தான் அந்த எண்ணிக்கையை எட்டுகிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. டிஎச்எல் நிறுவனமே 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் கிட்டத்தட்ட இப்படித்தான் தொடங்கியது. கப்பல் ஹொனலுலு துறைமுகத்தை அடையும் முன்பே அதன் சரக்கு ஆவணங்களை விமானத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து, சுங்க வேலையை முன்கூட்டியே தொடங்க வைத்ததுதான் அதன் முதல் தொழில்.

கேள்வி: அப்படி உலகெங்கும் கிளை பரப்பிய டிஎச்எல், தான் பிறந்த அமெரிக்காவிலேயே உள்நாட்டுச் சேவையைக் கைவிட்டது ஏன்? பணம் போதவில்லையா?

பதில்: பணம் இருந்தது. ஜெர்மனியின் அஞ்சல் நிறுவனமான டாய்ச்ச போஸ்ட், டிஎச்எல்லை முழுமையாகத் தன்வசப்படுத்தியிருந்த நிலையில், 2003இல் ஏர்போர்ன் என்ற அமெரிக்கக் கூரியர் நிறுவனத்தையும் வாங்கியது. ஆனால், அமெரிக்க விமான நிறுவனத்தில் வெளிநாட்டவர் 25 சதவீதத்துக்கு மேல் வாக்குரிமைப் பங்கு வைத்திருக்கச் சட்டம் இடம் தராததால், ஏர்போர்னின் தரைவழிப் பிரிவு மட்டுமே டிஎச்எல்லிடம் வந்தது. விமானப் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் தெருவில் இருந்தது. ஒரே தெருவில் நாற்பது பார்சல்களை இறக்கும் வேனையும், அதே நாற்பதை நகரின் நான்கு மூலைகளுக்கும் கொண்டு அலையும் வேனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டுநரின் சம்பளம் ஒன்றுதான். முதல் வேன் மதியத்துக்குள் திரும்பிவிடும், இரண்டாவது வேன் இருட்டிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். யுபிஎஸ், ஃபெட்எக்ஸ் ஆகிய அமெரிக்கக் கூரியர் நிறுவனங்கள் இரண்டும் பல்லாண்டுகளாக முதல் வகை வேனை ஓட்டிக்கொண்டிருந்த நாட்டில், டிஎச்எல் இரண்டாவது வகையை ஓட்டிக்கொண்டே கட்டணத்தில் போட்டியிட வேண்டியிருந்தது. 2008 நவம்பரில் உள்நாட்டுச் சேவையை நிறுத்துவதாக அறிவித்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு வரும், அங்கிருந்து வெளிநாடு போகும் பன்னாட்டுச் சேவையை மட்டும் வைத்துக்கொண்டது. இதை அவமானம் என்று பலர் எழுதினார்கள்; இன்னும் முன்பே எடுத்திருக்க வேண்டிய சரியான முடிவு என்பது என் கருத்து. இதே பாடத்தை ஃபெட்எக்ஸ் 1992இல் ஐரோப்பாவின் உள்சேவைகளைப் பெருமளவு சுருக்கியபோதே படித்திருந்தது.

கேள்வி: உள்ளூர் நிறுவனம் ஒன்றை விலைக்கு வாங்கிவிட்டால் வேலை சுலபம் அல்லவா?

பதில்: என்ன வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. ஃபெட்எக்ஸ் 1989இல் ஃப்ளையிங் டைகர் என்ற சரக்கு விமான நிறுவனத்தை வாங்கியபோது, விமானங்களைக் காட்டிலும் மதிப்பு மிக்கதாகக் கிடைத்தவை ஆசிய நகரங்களில் தரையிறங்கும் உரிமைகள். எந்த நாட்டு விமானம் எங்கே இறங்கலாம் என்பதை அரசுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுத் தீர்மானிப்பதால், அந்த உரிமைகளைக் கடையில் வாங்க முடியாது.

மறுபக்கமும் உண்டு. நெதர்லாந்தின் டிஎன்டி கூரியர் நிறுவனத்தை வாங்க யுபிஎஸ் செய்த முயற்சியை, போட்டி குறைந்துவிடும் என்று கூறி ஐரோப்பிய ஆணையம் 2013 ஜனவரியில் தடுத்தது. அதே டிஎன்டியை ஃபெட்எக்ஸ் 2016இல் 440 கோடி யூரோவுக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில், உக்ரைனில் பயன்பாட்டில் இருந்த ஒரு வரிக்கணக்கு மென்பொருள் வழியே பரவிய ‘நாட்பெட்யா’ வைரஸ் டிஎன்டியின் கணினிகளை முடக்கியது. ஊழியர்கள் பல வேலைகளைக் கையால் செய்ய வேண்டியதாயிற்று; அந்த ஒரு காலாண்டில் மட்டும் சுமார் 30 கோடி டாலர் பாதிப்பு என்று ஃபெட்எக்ஸ் கணக்குச் சொன்னது. நிறுவனத்தோடு அதன் பழைய கணினிகளும் சேர்ந்தே வருகின்றன என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் எவரும் நினைப்பதில்லை.

கேள்வி: இப்போது இந்தத் தொழிலுக்கு எது பெரிய தலைவலி?

பதில்: சுங்கம். 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு அமெரிக்கா தந்துவந்த வரிவிலக்கு, சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வருபவற்றுக்கு 2025 மே மாதமும், மற்ற நாடுகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்றும் முடிவுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலையிலேயே நீக்கியிருந்தது. முன்பு பெரிய தாள்வேலை இல்லாமல் போன சிறு பொட்டலத்துக்கும் இப்போது பொருளின் வகைக் குறியீடு, தயாரான நாடு, உண்மையான விலை ஆகியவை வேண்டும். அந்தத் தகவல் விமானத்துக்கு முன்பாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ‘உதிரி பாகம்’ என்று மட்டும் எழுதிய பொட்டலம், எவ்வளவு வேகமான விமானத்தில் போனாலும், சுங்கக் கிடங்கின் அடுக்கில் நாள் கணக்கில் கிடக்க நேரும்.