பழைய ஐரோப்பிய ஓவியங்களில் தெருவோர உழைப்பாளிகளை வரைந்தது கேலிக்காகவா, மரியாதையாகவா?

இரண்டும் உண்டு. 1580 வாக்கில் இத்தாலியின் போலோன்யா நகரத்து ஓவியர் பஸ்ஸரோட்டி வரைந்த கசாப்புக்காரர் பல்லைக் காட்டி இளிக்கிறார்; பார்க்கிற பணக்காரர் சிரிக்கட்டும் என்றே வரைந்தது போலத்தான் எனக்குப் படுகிறது. அதே ஊர்க்காரரான அன்னிபாலே கராச்சி சில வருஷத்தில் வரைந்த பெரிய கசாப்புக் கடை ஓவியத்தில் அந்த இளிப்பே இல்லை. ஒருவர் கறியை நிறுக்கிறார், மற்றவர்களும் அவரவர் வேலையில் இருக்கிறார்கள்.

ஆனால் மரியாதை என்றால் எனக்கு ஸ்பெயினின் வெலாஸ்கெஸ்தான். செவில்லாவில் 1599ல் பிறந்தவர். முட்டை பொரிக்கும் கிழவியை 1618ல் வரைந்தபோது இருபது வயதுகூட ஆகவில்லை. மண்சட்டியில் வெள்ளைக்கரு ஓரத்தில் வெந்து இறுகுகிற அந்த நொடியைப் பிடித்திருக்கிறார். அதற்குக் கொஞ்ச காலம் கழித்து வந்தது 'செவில்லாவின் தண்ணீர்க்காரர்'.

இந்த இரண்டாவது ஓவியத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். முன்னால் ஒரு பெரிய மண்குடம், அதன் வயிற்றில் வழிகிற நீர்த்துளிகள். தண்ணீர் விற்கிறவரின் மேலங்கி கிழிந்து உள்ளிருக்கும் வெள்ளைச் சட்டை தெரிகிறது. முகமெல்லாம் வெயிலில் காய்ந்த சுருக்கம். பையனிடம் நீட்டுகிற கண்ணாடிக் கோப்பைக்குள் ஒரு அத்திப்பழம். தண்ணீருக்கு வாசனை சேர்க்கப் போடுவார்களாம். கிழிசலை மறைக்கவும் இல்லை, அதைக் காட்டி இரக்கம் கேட்கவும் இல்லை. ஒரு துறவிக்குரிய நிமிர்வோடு நிற்கிறார் அந்த மனிதர். புனிதர் படத்துக்குச் செலவழிக்கிற அக்கறையை ஒரு மண்குடத்துக்குச் செலவழித்ததுதான் என் கண்ணுக்கு உண்மையான மரியாதை.

அன்றைக்கு இப்படி வரைவதைப் பெரியவர்கள் மதிக்கவில்லை. புராணமும் வேதாகமமும்தான் உயர்ந்தது. மாட்ரிட் ஓவியர் கார்தூச்சோ 1633ல் வந்த தன் நூலில் இந்த மாதிரிப் படங்களைக் கடிந்து எழுதினார். வெலாஸ்கெஸின் குருவும் மாமனாருமான பச்சேகோ தன் நூலில் இவற்றுக்காகப் பரிந்து பேசினார். கிராமத்துப் பையன் ஒருவனை மாடலாக வைத்துக்கொண்டு, அழச் சொல்லியும் சிரிக்கச் சொல்லியும் மருமகன் வரைந்து பழகியதை எழுதி வைத்ததும் அவர்தான்.

சரி, வாங்கியது யார்? நிச்சயமாகத் தண்ணீர் விற்கிறவர்கள் இல்லை. 'தண்ணீர்க்காரர்' ஓவியம் அரண்மனைப் பாதிரியார் ஃபொன்சேகாவிடம் இருந்தது. 1627ல் அவர் இறந்தபோது வெலாஸ்கெஸே அதற்கு 400 ரியால் (அன்றைய ஸ்பெயின் நாணயம்) மதிப்புப் போட்டார். 1623லேயே அவர் அரசவை ஓவியர் ஆகிவிட்டிருந்தார். அப்புறம் பெரும்பாலும் ராஜா, ராணி, இளவரசிதான்.

ஆனாலும் அந்தக் கண் போகவில்லை. 1650களின் பிற்பகுதியில் வரைந்த 'நூற்கும் பெண்கள்' படத்தைப் பாருங்கள். ரோமானியப் புராணத்தில் வரும் மினர்வா தெய்வமும் நெசவில் அவளோடு போட்டி போட்ட அராக்னேயும் பின்னறையில் சின்னதாக இருக்கிறார்கள். முன்னால் வெறுங்காலோடு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நூல் வேலை செய்கிற பெண்கள். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் அதன் ஆரங்களே கண்ணுக்குத் தெரியவில்லை.