எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க?

மஸ்கட்டில் 11 வருடம், சிங்கப்பூரில் 6 வருடம் கணக்கு எழுதிவிட்டு 2016ல் காவேரிப்பட்டணத்துக்கே திரும்பினேன். தலைப்பில் இருக்கும் கேள்வியை அந்த வருடம் என்னிடம் கேட்காத ஆளில்லை. வங்கி, பட்டா, பள்ளிக்கூடம் என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் திரும்பி வருகிறவர்கள் ஏதாவது விசாரிக்க வருவார்கள். இந்த முறை வந்தவற்றில் சிலதுக்குப் பதில்.

பென்னாகரம் பக்கம், துபாயில் 14 வருடம் ஃபோர்மேன்: வந்து 4 மாதம் ஆகிறது அண்ணா. யாரும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, பஸ்ஸில் வரிசை கிடையாது, எதைப் பார்த்தாலும் எரிச்சல். "பேசாம திரும்பிப் போயிடுங்க" என்கிறாள் என் சம்சாரம். முதலாளி இன்னும் விசாவை ரத்து செய்யவில்லை. போய்விடவா?

தம்பி, 4 மாதம் என்று படித்ததுமே சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். லீவில் வந்தபோதெல்லாம் 40 நாளில் கிளம்பிவிட்டீர்கள். விருந்து, கோயில், ஒகேனக்கல்லில் எண்ணெய்க் குளியல், மீன் குழம்பு. அது லீவுக்காரனுக்குக் காட்டிய ஊர். இப்போதுதான் மிச்ச ஊர் கண்ணில் படுகிறது.

குல்லஹார்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம்பதி 1963லேயே இதை எழுதியிருக்கிறார்கள். வேறு நாட்டில் போய் இறங்கியதும் மனசு ஒரு முறை விழுந்து எழுகிறது, சொந்த நாடு திரும்பியதும் இன்னொரு முறை விழுந்து எழுகிறது, கோடு போட்டால் ஆங்கில 'டபிள்யூ' மாதிரி வரும் என்றார்கள். அவர்கள் பார்த்தது படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் போய்வந்தவர்களை. துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்தவனுக்கும் அதே கோடுதான்.

என் கதையைக் கேளுங்கள். வந்த புதிதில் கிருஷ்ணகிரி ரவுண்டானாவில், சிங்கப்பூர் ஞாபகத்தில், வண்டிகள் நிற்கட்டும் என்று வெள்ளைக்கோட்டருகே காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து ஒரு பூக்காரம்மா, "வா சாமி" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டார். அவமானமாக இருந்தது. இப்போது நானும் கையைக் காட்டிவிட்டு நடக்கிறேன்.

விசா விஷயம்: சாதாரண அமீரக வேலை விசாவில் இருப்பவர் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக அது செல்லாமல் போகும். ஆக உங்களிடம் 2 மாதம் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் எரிச்சல்தான் ஏறும். ஓசூர் பக்கம் கட்டட வேலைக்குப் பஞ்சமில்லை, சம்பளம் பாதியானாலும் போய்ச் சேருங்கள். கடன் ஏதாவது இருந்து, அந்த 2 மாதம் முடிவதற்குள் அது அடைகிற வழி தெரியவில்லை என்றால் தாராளமாகப் போங்கள். பஸ்ஸில் வரிசை இல்லை என்பதற்காக மட்டும் போகாதீர்கள்.

தர்மபுரி, தோஹாவிலிருந்து திரும்பியவர்: அங்கே சம்பாதித்ததைப் போட்டுவைத்த என்.ஆர்.இ. கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? வட்டிக்கு வரி இல்லையே?

வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரேயடியாக வந்துவிட்டால் வங்கிக்குச் சொல்லி, உள்நாட்டுக் கணக்காகவோ, திரும்பி வந்தவர்கள் வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ளும் ஆர்.எஃப்.சி. கணக்காகவோ மாற்ற வேண்டும். டாலர் மாதிரி வெளிநாட்டுப் பணத்தில் போட்ட எஃப்.சி.என்.ஆர். வைப்புத்தொகையை மட்டும் முதிர்வு வரை விடலாம். என்.ஆர்.இ. வட்டிக்கான வரிவிலக்கு நீங்கள் வெளிநாட்டில் வசிக்கிற வரைக்கும்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. முந்தைய 10 நிதியாண்டில் 9ல் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்திருந்தாலோ, முந்தைய 7 ஆண்டில் இந்தியாவில் தங்கியது மொத்தம் 729 நாளுக்கு மேல் போகாவிட்டாலோ, ஆர்.என்.ஓ.ஆர். என்ற இடைப்பட்ட வரி நிலை கிடைக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் வருகிற வாடகை, வட்டிக்கு இங்கே பொதுவாக வரி இல்லை. பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், நாள் கணக்குக்கு அந்த முத்திரைகள்தான் சாட்சி.

பர்கூர், இன்னும் குவைத்தில் இருப்பவர்: அடுத்த வருடம் வருகிறேன். 4 ஏக்கர் மாந்தோப்பு விலைக்கு வருகிறது, தம்பிக்குப் பவர் கொடுத்து இப்போதே என் பேரில் முடித்துவிடலாமா? மாம்பழத்தில் வருமானம் எப்படி?

முதலில் சட்டம். வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும்போது விவசாய நிலம் வாங்க அனுமதி இல்லை, பவர் கொடுத்தாலும் அதேதான். வாரிசுரிமையில் வந்தால் வேறு. ஊரில் குடியேறிய பிறகு இந்தியக் குடிமகனாக நீங்களே வாங்கலாம். தம்பி அவசரப்படுத்துகிறாரா, விற்கிறவர் அவசரப்படுத்துகிறாரா என்பதையும் கொஞ்சம் விசாரியுங்கள்.

அப்புறம் மாங்காய். நம் பக்கம் தோப்பு என்றால் பெரும்பாலும் பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. அது போகிற இடம் மாங்கூழ் தொழிற்சாலை. தொழிற்சாலைக்காரர்களிடம் போன வருடக் கூழ் தேங்கிக் கிடந்தால் இந்த வருட விலை படுத்துவிடும். பறிகூலியும் வண்டி வாடகையும் தேறாமல் காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. மாமரம் ஒரு வருடம் கொட்டும், அடுத்த வருடம் ஏமாற்றும். தோப்புக்காரர்கள் பலர் பூ பார்த்ததுமே குத்தகைக்கு விட்டுவிடுவது அதனால்தான்.

குவைத் சம்பளம் மாதிரி மாதாமாதம் வருவதல்ல இது. வந்து ஒரு பருவம் மண்டியில் நின்று பாருங்கள். பிடித்திருந்தால் வாங்குங்கள். வாங்கும்போது 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் மூன்றையும் ஒத்துப்பாருங்கள், சர்வேயரை வைத்து அளந்த பிறகே முன்பணம். போர் எத்தனை அடி, கோடையில் தண்ணீர் வருகிறதா என்பதை விற்கிறவரிடம் கேட்காதீர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேளுங்கள்.

ஓசூர், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு அம்மா: மகளுக்கு 9 வயது, அங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத வராது. பள்ளியில் தமிழ் கட்டாயம் என்கிறார்கள். தினமும் அழுகிறாள்.

2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டம் வந்ததிலிருந்து இங்கே தமிழ் ஒரு பாடம், அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடாதீர்கள். பேச்சு இருக்கிறதே, அது பெரிய சொத்து. எழுத்தைப் பாட்டியிடம் விடுங்கள். கடைப் பலகை, பஸ் பலகை எல்லாம் படிக்கச் சொல்லுங்கள். ஓசூரில் பலகை தமிழில் இருக்கும், கடைக்காரர் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசுவார், குழந்தைக்கு அது வேடிக்கையாகக்கூட இருக்கும்.

அழுகை தமிழுக்காகத்தானா என்று ஒரு சந்தேகம் எனக்கு. எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஒரு மாதம் அழுதான், காரணம் பள்ளிக் கழிப்பறை. பாடத்தை விட்டுவிட்டு மற்றதைக் கேட்டுப் பாருங்கள்.

மகளுக்கு ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை எடுத்துவிட்டீர்களா? இருந்தால் விசாவுக்கு அலைய வேண்டாம்.

பாலக்கோடு: போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குழந்தைக்குக் கொடுக்கிறோம், போதுமா?

போதாது. நம் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். கிருமி கொதித்தால் சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் குடிக்க ஆகாது. சுமார் 8 வயது வரை நிலைப் பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும், கறை விழுவது அந்த வயதில்தான். இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. குழாயில் அந்தத் தண்ணீர் வந்தால் அதைக் குடியுங்கள். இல்லையென்றால் ஆர்.ஓ. வையுங்கள், போர் தண்ணீரைக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள்.

ஊத்தங்கரை, சவுதியிலிருந்து திரும்பியவர்: பழைய டிரைவிங் லைசென்ஸ் முடிந்து 3 வருடம் ஆகிறது.

1 வருடம் தாண்டிவிட்டதால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். அதுவரை சவுதி லைசென்ஸை நீட்டாதீர்கள்.

காரிமங்கலம், ஒரு அம்மா: வீட்டுக்காரர் சவுதியில் 18 வருடம், வருடத்துக்கு ஒரு மாதம் வருவார். இப்போது ஒரேயடியாக வந்துவிட்டார். காலையில் ஃபிரிட்ஜைத் திறந்து கணக்குக் கேட்கிறார். மகனிடம் அவர் ஏதாவது சொன்னால் அவன் என் முகத்தைப் பார்க்கிறான். அவர் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டதே நான்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றுமில்லை அம்மா. நான் அந்தப் பக்கத்து ஆள், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். பணம் அனுப்பியது அவர். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, கொத்தனாரிடம் சண்டை போட்டது, பையனைப் பள்ளியில் சேர்த்தது எல்லாம் நீங்கள். 18 வருடம் நீங்கள் ஒருத்தியாக நடத்திய வீட்டில் இன்னொரு மேனேஜர் வந்து உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு ஒரு வேலையும் கொடுக்கப்படவில்லை. ஃபிரிட்ஜைத் திறப்பது உங்கள் மேல் சந்தேகத்தில் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வராது என்ற பயம், அதை வாய்விட்டுச் சொல்ல எங்களுக்கு வராது.

என் வீட்டில் நடந்தது இது. நானும் இப்படித்தான் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் மனைவி நோட்டையே என் மடியில் போட்டுவிட்டாள். "பால், ரேஷன், கரண்ட் பில் இனி உங்களுது." ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை என்று மூன்று நடை நடந்தேன். மூன்றாவது நடையில், வரிசையில் நின்ற ஒருவர் "நாளைக்கு வந்தா கிடைக்குமாண்ணா?" என்று என்னிடம் கேட்டார். எப்பப் போறீங்க என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

உங்கள் வீட்டு நோட்டையும் கொடுத்துவிடுங்கள். தப்பாக எழுதினாலும் ஒரு மாதம் திருத்தாதீர்கள், அது உங்களுக்குத்தான் கஷ்டம். மகனைப் பற்றி அவரிடமும், அவரைப் பற்றி மகனிடமும் பேசாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு இரண்டு பேரையும் ஒரே வண்டியில் அனுப்புங்கள். மகன் ஓட்டட்டும், அவர் பின்னால் உட்காரட்டும். வாங்க வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள், வழியில் அவர்களே பேசி முடிவு பண்ணிக்கொள்வார்கள்.