வாசகர் கேள்விகள்: பெல்லட் கணப்பு

கேள்வி (லெனேசியா): சென்ற குளிர்காலத்தில் எங்கள் பெல்லட் கணப்பு (மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு உருளைகளை எரிக்கும் அடுப்பு) நன்றாக எரிந்தது. இந்த ஆண்டு குதிரை லாயத்தில் பரப்பும் மரப் பெல்லட் மலிவாகக் கிடைத்ததால் இரண்டு மூட்டை வாங்கினோம். ஒரே இரவில் கண்ணாடி கறுத்துவிடுகிறது, தீக்கிண்ணத்தின் அடியில் கல் போல ஒரு கட்டி நிற்கிறது. கணப்பு பழுதாகிவிட்டதா?

பதில்: பழுது மூட்டையில் இருக்கிறது. இந்தக் கணப்புக்கு எடை பார்க்கத் தெரியாது. தொட்டிக்கு அடியில் உள்ள திருகு, இத்தனை நொடி சுற்று, இத்தனை நொடி நில் என்ற கணக்கில்தான் பெல்லட்டைக் கிண்ணத்துக்குள் தள்ளுகிறது. உள்ளே வருவது 6 மி.மீ. தடிமனும் 4 செ.மீ.க்கு மிகாத நீளமும் உள்ள காய்ந்த பெல்லட் என்று நம்பித்தான் காற்றின் அளவும் வைக்கப்பட்டிருக்கிறது. லாயத்துப் பெல்லட் ஈரத்தை உறிஞ்சி உதிர்வதற்காகச் செய்தது. அதில் எவ்வளவு சாம்பல் விழும் என்று பார்த்து யாரும் மூட்டை கட்டுவதில்லை. மரப்பட்டையும் மண்ணும் கலந்திருந்தால், அந்த மண்ணும் சாம்பலும் சேர்ந்து உருகிக் கட்டியாகிவிடும். கட்டி கிண்ணத்தின் துளைகளை அடைத்ததும் அடியிலிருந்து காற்று ஏறாது. தீ மஞ்சளாக, சோம்பலாக நீளும். கரி கண்ணாடியில் படியும். நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

மூட்டையின் மேல் 'இ.என்.பிளஸ் ஏ1' என்ற குறி இருந்தால் சாம்பல் 0.7 சதவீதத்துக்குள், ஈரம் 10 சதவீதத்துக்குள் என்று பொருள். குறி இல்லாத பெல்லட் எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். பைன், யூக்கலிப்டஸ் மரத்தூளில் செய்த உள்ளூர்ப் பெல்லட் பல நன்றாகவே எரியும். வாங்கும்போது இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலைந்து பெல்லட் போடுங்கள். நல்லது உடனே மூழ்கி, சில நிமிடத்தில் ஊதிப் பொடிப்பொடியாகக் கரையும். மிதந்தால் இறுக்கம் போதாது. அடுத்தது, மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் தங்கியிருக்கும் தூளைப் பாருங்கள். 15 கிலோ மூட்டையில் ஒரு கைப்பிடிக்கு மேல் தூள் இருந்தால் சல்லடையில் சலித்த பிறகே தொட்டியில் கொட்டுங்கள்.

பூனை மணல் பெல்லட் வேண்டாம், சிலவற்றில் வாசனைப் பொருள் சேர்க்கிறார்கள். லூசர்ன் போன்ற தீவனப் பெல்லட்டில் சாம்பல் ஏறக்குறைய பத்து மடங்கு. விறகு, நிலக்கரி, பிராய் கரி (திறந்தவெளியில் இறைச்சி சுடும் அடுப்புக்கரி), பாரஃபின் (மண்ணெண்ணெய்) எதுவும் கிட்டே போகக்கூடாது. பச்சைச் சாயல் உள்ள மருந்தேற்றிய வேலிக் கம்பத்தை அறுத்த தூள் இலவசமாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அதில் ஆர்செனிக் இருக்கக்கூடும்.

இருக்கும் இரண்டு மூட்டையையும் லாயம் வைத்திருப்பவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (கேப் டவுனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் குடிபெயர்ந்தவர்): அதே கணப்பு, அதே பெல்லட். இங்கே வந்ததிலிருந்து தீ சோம்பலாக எரிகிறது, ஏன்?

பதில்: கடலோரத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் மேலே ஏறி வந்திருக்கிறீர்கள். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவு குறையும். பெல்லட் மட்டும் பழைய கணக்கில் விழுந்துகொண்டிருக்கிறது. டெக்னீஷியனை அழைத்து, பெல்லட் விழும் அளவைக் குறைத்தோ புகை ஃபேன் வேகத்தைக் கூட்டியோ உயரத்துக்கு ஏற்ப மாற்றச் சொல்லுங்கள். பல மாடல்களில் இதற்கென்றே ஒரு மெனு உண்டு. சரியான தீ பளிச்சென்ற மஞ்சளாகத் துடிப்போடு ஆடும், நுனியில் கரும்புகை இருக்காது.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): சில நாள் தீ பிடிக்காமல் 'அலாரம்' காட்டுகிறது. மறுபடி ஸ்டார்ட் அழுத்தினால் பிடித்துக்கொள்கிறது. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். மிகவும் ஆபத்தான பழக்கம் இது. முதல் முயற்சியில் விழுந்த பெல்லட் பற்றாமல் கிண்ணத்தில் கிடக்கும். இரண்டாவது முறை அதன்மேல் இன்னொரு குவியல் விழும். சூடேறிய குவியல் தீப்பிடிக்காமல் வெண்புகை கக்கிக் கணப்பின் உள்ளறை முழுக்க நிரப்பிவிட்டு, பிறகு ஒரே மூச்சில் பற்றும். அந்த வெடிப்பில் கண்ணாடி உடைந்து தெறிக்கலாம். உள்ளே வெண்புகை சூழ்ந்திருக்கும்போது கணப்பின் கதவைத் திறக்கவே கூடாது.

முழுக்க ஆறட்டும். கிண்ணத்தை வெளியே எடுத்து, மிச்சப் பெல்லட்டை ஒரு இரும்பு வாளியில் போடுங்கள். திரும்பத் தொட்டியில் கொட்டாதீர்கள், உள்ளே கங்கு இருக்கலாம். கிண்ணத்துத் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, இக்னைட்டருக்கான (தீமூட்டும் சூட்டுக் கம்பி) துளை அதற்கு நேர் எதிரே சரியாக வருமாறு பொருத்துங்கள். பாதி நேரம் பிரச்சினை அங்கேயேதான். கிண்ணம் சரியாக உட்கார்ந்தும் தீ பிடிக்கவில்லை என்றால் பெல்லட்டில் ஈரமா, இக்னைட்டர் கம்பி தேய்ந்ததா என்று பாருங்கள்.

கேள்வி (அதே வாசகர்): மூட்டைகளைக் கராஜில் வைக்கலாமா?

பதில்: சிமெண்ட் தரையில் நேராக வைக்காதீர்கள், அடியில் பலகை போடுங்கள், சுவரோடு ஒட்டாதீர்கள். நேட்டால் பக்கத்து ஈரக்காற்றில் பிரித்த மூட்டை பத்து நாளில் ஊதிவிடும். ஊதிய பெல்லட் திருகில் சிக்கினால் குச்சியால் குத்துவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள், விரல் போய்விடும்.

கேள்வி (பெனோனி): எரிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால்?

பதில்: லோட் ஷெடிங் (முறைவைத்து நடக்கும் மின்வெட்டு) குறைந்தாலும் கேபிள் திருட்டு நின்றபாடில்லை, நியாயமான கேள்வி. புகையை வெளியேற்றுவது ஃபேன். அது நின்றால் கிண்ணத்தில் உள்ள பெல்லட் தானாக அணையும்வரை புகை எங்காவது போயாக வேண்டும். புகைக்குழாயில் குறைந்தது 1.5 மீட்டர் நேர் உயரம் இருந்தால் தானே மேலே இழுக்கும். சுவரைத் துளைத்துக் கிடையாக வெளியே விட்டிருந்தால் அறைக்குள் கசியும். கணப்பின் கதவைத் திறக்காமல், ஜன்னலைத் திறந்துவிட்டு அறையைவிட்டு வெளியேறுங்கள். கரண்ட் வந்ததும் பிளக்கைப் பிடுங்கி மாட்டாதீர்கள், ஃபேன் சுற்றிக் குளிரவைக்கட்டும்.

இன்வெர்ட்டர் வைத்தால் நல்லது. இக்னைட்டர் ஆரம்பத்தில் 300 வாட்டுக்குப் பக்கம் இழுக்கும், பிறகு நூறு வாட்டுக்குள் அடங்கும். 'ப்யூர் சைன்' (சீரான அலையாக மின்சாரம் தரும்) வகையே வாங்குங்கள். மலிவானதில் மோட்டார் முனகும், சூடேறும். எது வைத்தாலும் வைக்காவிட்டாலும், பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கையறை வாசலில் இருக்கட்டும். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): சாம்பலை எப்போது கொட்டலாம்?

பதில்: மூடியுள்ள இரும்பு வாளியில் இரண்டு நாள் வெளியே வைத்து, ஆறிய பிறகு. பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் நேரே கொட்டாதீர்கள், வீட்டு வேக்வம் கிளீனரும் வேண்டாம். ஆறிய சாம்பலைக் கீரைப் பாத்திக்கு ஒரு கைப்பிடி தூவலாம், ரோஜாவுக்கு அடிக்கடி போட்டால் மண்ணில் காரம் ஏறிவிடும்.